ஒம்பதாயிரம் பேருக்குப் புடிச்ச பதிவு

பையை என்ற மடியில வெச்சுக்கறனுங்க, நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. வெள்ளகோயில்ல ஏறினா இந்தக் கரூர் பஸ்ஸுல எடமே கெடைக்காது, இன்னைக்கு என்னமோ கெடைச்சிருச்சு. நான் காங்கயத்துல எறங்கிருவேன். நீங்க கோயமுத்தூரு வரைக்குமுங்களா? மடியில கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சிருக்கீங்களே, அந்த வேலைதானுங்களா?

ஆ, அப்படிச் சொல்லுங்க! காதோரம் நரைச்சுப் போச்சு, இருந்தாலும் தம்பின்னே கூப்பிடறனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி, உங்க ஆளுக ஒருத்தரை நேர்ல புடிச்சு நியாயம் கேக்கணும்னு மூணு மாசமாத் தேடிட்டிருக்கறேன். நீங்க அந்தக் கம்பெனி இல்லீங்களா? பேங்குக்குச் செய்யறீங்களா? பரவால்லீங்க. அவசரத்துக்குப் பல்லு டாக்டரா கண்ணு டாக்டரான்னு பாத்துட்டிருக்க முடியுங்களா.

போன்ல எல்லாரும் எழுதிப் போடறாங்களே, படம் போடறாங்களே, அந்த ஆப்புதான். பேரு வேண்டாமுங்க. எதுக்கு ஆப்புன்னு பேரு வெச்சாங்கன்னு எனக்கு இப்பத்தான் வெளங்குது.

நான் சென்னியப்பன். சென்னிமலைக்குப் பக்கத்துல ஒரு ஐஸ்கூல்ல முப்பத்திரண்டு வருசம் பி.டி. மாஸ்டர். நான் விசில் ஒண்ணு ஊதினா அறுநூறு பசங்க அசையாம நிப்பாங்க. எட்மாஸ்டர் மைக்குல பேசினாக்கூட நிக்க மாட்டாங்க, என்ற விசிலுக்கு நிப்பாங்க. பயமில்லீங்க, மரியாதை. செரி, பயமுந்தான்னு வெச்சுக்குங்க. ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு, ஒரு சொவத்துக் கடிகாரம் குடுத்து அனுப்பிச்சிட்டாங்க. மறுநாள் அஞ்சரைக்கு எந்திரிச்சு வாசல்ல வந்து நின்னேன். தெருவுல ஒரு நாய் கூடத் திரும்பிப் பாக்கலீங்க.

அந்தச் சமயத்துலதான் என்ற மருமவ தாரணி இந்த ஆப்பைப் போட்டுக் குடுத்துச்சு. மருமவன்னா தங்கச்சி புள்ளைங்க. எனக்கு ஒரே தங்கச்சி, மயிலாத்தாள்னு பேரு, வெள்ளகோயில்ல கட்டிக் குடுத்திருக்குது. தாரணி அதோட ஒரே புள்ளை, பெங்களூர்ல வேலை. "மாமா, மனசுல தோணறதை எழுதுங்க, எல்லாரும் படிப்பாங்க"ன்னுச்சு. அந்த 'எல்லாரும்'ங்கற வார்த்தைய நான் நம்பினேன் பாருங்க.

தினம் ஒரு பதிவு எழுதினனுங்க. காலையில எந்திரிக்கறதோட நன்மை, இன்னைக்குப் பசங்களுக்கு முதுகு வளைஞ்சு போனதோட காரணம், செருப்பைக் கழட்டி ஒழுங்கா விடத் தெரியாதவங்க நாட்டை எப்படி ஒழுங்காக்குவாங்கன்னு ஒண்ணு. அது மட்டும் நாலு பாகம். எத்தனை லைக்குன்னு நினைக்கறீங்க? பதினொண்ணு. எப்பவும் பதினொண்ணு. அதுலயும் மொதல் லைக்கு என்ற தங்கச்சியோடது. அதைக் கணக்குல சேக்க முடியாதுங்களே, தங்கச்சி போடாம யாரு போடுவா. எங்க பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு, முப்பது வருசமா ஒரே நோட்டைப் பாத்துப் பாடம் நடத்தின மனுசன். அவர் ஒரு ரோஜாப்பூப் படத்தைப் போட்டுக் காலை வணக்கம்னு போட்டா எரநூறு பேரு வணக்கம் சொல்றாங்க. அப்ப எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்கியோ ஒருத்தன் உக்காந்துட்டு, 'சென்னியப்பன் எழுதிட்டானா? அமுக்கு'ன்னு அமுக்கறான்.

ஆளு இல்லீங்களா? கணக்கா? மிசினே முடிவு பண்ணுதா? அதையேதான் தம்பி நானும் சொல்றேன். அந்தக் கணக்கை ஒருத்தன் போட்டிருப்பானில்லீங்க. அவனைச் சொல்றேன்.

கேளுங்க. மாசி மாசம் ஒரு பதிவு போட்டேன். எண்பத்தியேழுல மாவட்ட விளையாட்டுப் போட்டி. எங்க பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன், நான் பழக்கி உட்டவன், வட்டு எறியறதுல நாப்பத்தி மூணு மீட்டர் எறிஞ்சான். 'இன்றைய இளைஞர்களே, நாற்பத்து மூன்று மீட்டர்!'னு முடிச்சிருந்தேன். போட்டு பத்து நிமிசம் ஆகலை, ஊத்துக்குளி உதயன்னு ஒருத்தன் கீழ எழுதறான்: 'முப்பத்தெட்டு சார்.'

அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் எழுதினேன், 'தம்பிக்கு அப்போது வயது என்ன?' அவன் எழுதினான், 'எண்ண வர்ற வயசுதான் சார்.' உடுவனுங்களா நான்? பதினோரு நாள் நடந்துச்சுங்க. எண்ணூத்திப் பன்னெண்டு கமெண்ட். அவம் பக்கம் பத்துப் பேரு, எம் பக்கம் நாலு பேரு. பாலக்காட்டுல இருந்து ஒருத்தர் மலையாளத்துல வந்து ரெண்டு பேரையும் திட்டினாரு. எனக்குச் சோறு எறங்கலை. பொண்டாட்டி சம்பூர்ணம் தட்டை வெச்சுட்டு, "அந்த வட்டு இன்னும் உளுகலையா?"ன்னு கேப்பா. நக்கலு.

என்ற தங்கச்சி அதுலயும் வந்து ஒரு கமெண்ட் போட்டுச்சு. 'எங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.' அதுக்கு அந்த உதயன், 'உங்களை மாதிரி தங்கச்சி கெடைக்க சார் குடுத்து வெச்சிருக்கணும் அக்கா'ன்னு எழுதறான். எப்படி நைசாப் பேசறான் பாத்தீங்களா? என்ற தங்கச்சியும் அவனைப் பெரிய மனுசன்னு நினைச்சுட்டு நண்பராச் சேத்துக்கிச்சு.

அப்பறம் பாருங்க அநியாயத்தை. நான் போனைத் தொறந்தா மொதல்ல உதயன். அவன் டீக் குடிச்சா வருது. அவன் யாருக்கோ பொறந்தநாள் வாழ்த்துச் சொன்னா வருது. அவன் எங்கியோ போயி எவனோடயோ சண்டை கட்டினா அதும் வருது. நான் கேட்டனா? அவன் மூஞ்சியப் பாக்கறதுக்காடா நான் ரீசார்ஜ் பண்ணறேன்? ஆனா வந்த பொறவு தப்பு இருந்தாத் திருத்தோணுமில்லீங்க, அதனால நின்னு படிப்பேன். அவன் பக்கத்துக்கே போயிப் பழசையெல்லாம் பாப்பேன். திருத்தறதுக்குத்தானுங்க போறது.

குடும்பத்துக்குன்னு போன்ல ஒரு குரூப்பு இருந்துச்சு, ஒறம்பரைக, சொந்தபந்தம் எல்லாரும் அதுல. அங்க மாப்பளை, மயிலாத்தாள் வீட்டுக்காரரு, தங்கமுத்துன்னு பேரு, வெகுளி மனுசன், "முப்பத்தெட்டாவே இருந்துட்டுப் போகட்டுமே மச்சான், இப்ப என்ன"ன்னு எழுதிப்போட்டாரு. எனக்கு எப்படி இருக்கும்? சொந்த மாப்பளை! அன்னைக்கே குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். கோவமெல்லாம் இல்லை. ஒரு கொள்கை.

பங்குனி பொறந்துச்சு. ஒரு திங்கக்கெழமை மத்தியானம் மாப்பளை வாசல்ல மயங்கி உளுந்துட்டாரு. மூட்டு வலிக்குன்னு வருசக் கணக்கா மாத்திரையா முழுங்கியிருக்காரு, வயித்துக்குள்ள புண்ணாகி, அது ஒடைஞ்சு ரத்தம் கொட்டிருச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போயிச் சேத்துனாங்க. மயிலாத்தாள் மட்டும் கூட. தாரணி பெங்களூர்ல இருந்து கெளம்பி வர்றதுக்குள்ள ராத்திரியாயிரும். அவருக்கு பி நெகடிவ் ரத்தம். லேசுல கெடைக்காது. அந்த ஆஸ்பத்திரில ஒரு பாட்டில்தான் இருந்திருக்குது, இன்னும் மூணு வேணும்னுட்டாங்க.

என்ற ரத்தம் என்ன குரூப்புன்னு கேளுங்க. பி நெகடிவ்! நாப்பத்தியோரு தடவை குடுத்திருக்கறேன். கலெக்டர் கையால கேடயம் வாங்கியிருக்கறேன். வீட்டுல டி.வி. மேல இருக்குது, சம்பூர்ணம் அதுல சாவி மாட்டியிருக்கறா.

மயிலாத்தாள் என்ன பண்ணுச்சு? ஆப்புல ஒரு பதிவு போட்டுச்சு. 'என் வீட்டுக்காரருக்கு அவசரமாக பி நெகடிவ் ரத்தம் வேண்டும், யாராவது உதவுங்கள்'னு ஆஸ்பத்திரி பேரு, போன் நம்பரு எல்லாம் போட்டு. தம்பி, அந்தப் பதிவு எனக்கு வரலை. கூடப் பொறந்த அண்ணன். அதே ரத்தம். எனக்கு வரலை! அன்னைக்கு எனக்கு என்ன வந்துச்சு தெரியுங்களா? உதயன் எண்பத்தியேழாம் வருசத்துப் பேப்பர் துண்டு ஒண்ணை எங்கிருந்தோ தேடிப் புடிச்சுப் போட்டிருந்தான். அது வந்துச்சு, மொதல் ஆளா. அச்சுப் பிழைங்க அது. பேப்பர்காரன் முப்பத்தெட்டுன்னு தப்பாப் போட்டிருக்கறான். அதை மறுத்து எழுதறதுக்கு எனக்கு ஒரு நா முழுக்க ஆயிருச்சு.

போன் பண்ணலியான்னு கேக்கறீங்க. எல்லாரும் இதையே கேக்கறாங்க. பண்ணுச்சுங்க, நான் இல்லைன்னு சொல்லலியே. மூணு தடவை கூப்பிட்டுச்சு. நான் பேப்பர் துண்டுக்குப் பதில் எழுதிட்டிருக்கறேன், ஒரு வரி எழுதறதுக்குள்ள மணியடிச்சா எழுதினது மறஞ்சு போயிருதுங்க, அதனால கட் பண்ணேன். நான் என்ன கனவா கண்டேன்? குரூப்புக்குத் திரும்பி வா அண்ணான்னு கெஞ்சறதுக்குத்தான் கூப்பிடுதுன்னு நினைச்சேன். கொஞ்சம் கெஞ்சட்டுமேன்னு உட்டுட்டேன். அது வேற விசயமுங்க. நான் கேக்கறது பதிவு ஏன் வரலைன்னு.

நாலு நாள் கழிச்சு, வெள்ளிக்கெழமை, கீழ போயிட்டே இருக்கறேன், எங்கியோ அடியில கெடக்குது. 'நான்கு நாட்களுக்கு முன்'னு எழுதி. போட்டது போட்டபடி எந்திரிச்சுட்டனுங்க. அது நெசம். வேட்டிய மாத்தினனா இல்லியான்னுகூட ஞாபகமில்லை.

ஆனா கெளம்பறதுக்கு முன்னால போன் கடைக்குப் போனேன். போகாம இருக்க முடியுங்களா? எங்க தெருக் கோடியில ஒரு புள்ளை கடை வெச்சிருக்குது. போனைக் கொண்டு போயி மேசை மேல வெச்சு, "இதுல என்ன ரிப்பேருன்னு பாரு"ன்னேன். வாங்கிப் பாத்துட்டு, "ரிப்பேர் இல்லீங்க சார். உங்க தங்கச்சி போடறதுக்கு நீங்க எப்பவாச்சும் லைக் போட்டிருக்கீங்களா?"ன்னு கேக்குது.

"அது கோலம் போடும், செம்பருத்திப் பூவைப் போடும். அதுக்கு என்னத்த லைக்கு?"

"நின்னு பாத்தாவது இருக்கீங்களா?"

"கோலத்துல நின்னு பாக்கறதுக்கு என்னம்மா இருக்குது?"

"அப்ப உங்களுக்கு அவிய வேண்டாம்னு ஆப்பு நினைச்சுக்கும் சார். நீங்க எங்க நிக்கறீங்களோ அதைத்தான் மறுக்கா மறுக்காக் கொண்டாந்து குடுக்கும். நீங்க இந்த உதயன்கிட்டத்தான் நாளெல்லாம் நிக்கறீங்க."

எம்மூஞ்சிக்கு நேரா சொல்லுதுங்க! நான் சத்தம் போட்டுட்டேன். எனக்கு யாரு வேணும் யாரு வேண்டாம்னு இவன் யாருடா முடிவு பண்ண? நான் எங்க நிக்கறேன்னு வேவு பாக்கறதுக்கு இவன் யாரு? கடையில நாலு பேரு நின்னு பாத்தாங்க. அந்தப் புள்ளை தண்ணி குடுத்துச்சு. பாவம், அதுக்கு என்ன தெரியும், அதும் கம்பெனி சொல்றதத்தான் சொல்லுது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பளை கட்டல்ல, மூக்குல குழாய், கையில குழாய். உசுருக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. மயிலாத்தாள் என்னையப் பாத்துட்டு அழுகலை, திட்டலை. "வா அண்ணா"ன்னுச்சு. அவ்வளவுதான். பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்த ஒரு ஆளு சட்டுன்னு எந்திரிச்சு எனக்கு எடம் உட்டான். ஒல்லியா, அம்பது வயசிருக்கும், முழங்கைக்கு உள்பக்கம் ஊசி குத்தின எடம் கன்னிப் போயிருக்குது. கும்பிட்டுட்டுச் சொல்றான்: "சார், நான்தானுங்க உதயன். முப்பத்தெட்டு."

அவன் உட்ட ஸ்டூல்லயே பொத்துன்னு உக்காந்துட்டேன்.

அவனுக்கு அந்தப் பதிவு போட்ட அஞ்சாவது நிமிசம் போயிச் சேந்திருக்குது. ஏன்னா அவன் மயிலாத்தாள் போடற ஒவ்வொரு கோலத்துக்கும் லைக்கு போட்டிருக்கறான். 'புள்ளி ஒண்ணு தப்பிருச்சே அக்கா'ன்னு கமெண்ட் எழுதியிருக்கறான். எதுலயும் இவனுக்கு எண்ணிக்கைதான். ஊத்துக்குளி ரயில்வே ஸ்டேசனுக்குப் பக்கத்துல வண்டி ஸ்டாண்டு வெச்சிருக்கறான். வண்டிகளைப் பக்கத்துக் கடைக்காரங்கிட்ட ஒப்படைச்சுட்டு அடுத்த ரயிலைப் புடிச்சு வந்து ரத்தம் குடுத்திருக்கறான். அவனுக்கும் பி நெகடிவாம். அது போதாதுன்னு அவனுக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரையும் கூட்டியாந்திருக்கறான். நாலு நாளா வந்து வந்து பாத்துட்டுப் போறானாம்.

வராந்தாவுக்குத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "ஏனப்பா, என்னோட இவ்வளவு சண்டை போட்டுட்டு இங்க வந்திருக்கறியே"ன்னு கேட்டேன். சிரிக்கறான். "சண்டையா? ஸ்டாண்டுல உக்காந்திருந்தா பொழுது போக மாட்டீங்குது சார். நீங்க எழுதறதைத் தினமும் முழுசாப் படிக்கறது நானாத்தான் இருக்கும். செருப்பு நாலு பாகமும் படிச்சனுங்க. அன்னைக்குத் தூரம் அளந்த டேப்போட, வட்டு உளுகற பக்கத்து நுனியப் புடிச்சிருந்தது நான்தானுங்க. ஏழாங்கிளாஸ். வட்டு இன்னும் ரெண்டு மீட்டர் வந்திருந்தா என்ற மண்டை போயிருக்கும். அதனாலதான் ஞாபகம்."

டேப்பு நனைஞ்சிருந்தா நீண்டு போயிக் கம்மியாக் காட்டும்னு சொல்லி வெச்சேன்.

திரும்பி உள்ள வந்தா மயிலாத்தாள் அவனை, "அண்ணா, காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லுது. அண்ணா! அவனுக்கு மயிலாத்தாளைவிட வயசு கம்மி. நான் கெளம்பிட்டேன் தம்பி. பஸ்ஸுல உக்காந்து, வீடு வர்றதுக்குள்ள எழுதிட்டேன்.

'என் குருதியைத் தடுத்தது யார்?'னு தலைப்பு. நாப்பத்தியோரு முறை ஊருக்குக் குடுத்தவன், சொந்தத் தங்கை கணவனுக்குக் குடுக்க முடியாமல் ஓர் இயந்திரம் குறுக்கே நின்றது. இப்படிப் போகும். படிச்சா உங்களுக்கே தண்ணி வந்துரும். மாப்பளை கட்டல்ல கெடக்கறதைக் கதவுகிட்ட நின்னு ஒரு படம் எடுத்திருந்தேன், குழாயெல்லாம் தெளிவாத் தெரியும், அதையும் சேத்துப் போட்டேன். உதயன் பேரைப் போடலை. 'யாரோ ஒரு நல்லவர்'னு போட்டேன். பேரைப் போட்டா விளம்பரமாயிருமில்லீங்க, அவனே கூச்சப்படுவான்.

காலையில எந்திரிச்சு எடுத்துப் பாக்கறேன். ஆயிரத்து நூறு! மத்தியானம் நாலாயிரம். மூணாம் நாள் ஒம்பதாயிரத்தி நானூறு. முகம் தெரியாத ஆளுக, 'கண்ணீர் வந்தது ஐயா'ங்கறாங்க. மலேசியாவுல இருந்து ஒரு அம்மா. இன்டர்நெட்டு சேனல்காரங்க வீட்டுக்கே வந்து படம் புடிச்சாங்க. அழுதேன். நெசமாவே வந்துச்சு, அவிய ரெண்டாந்தடவை எடுக்கோணும்னப்பவும் வந்துச்சு. அந்த மிசினுக்கும் ஒரு மனசாட்சி இருக்குது பாருங்க. வருசக் கணக்கா அமுக்கி வெச்சுட்டு, கடைசியில நல்ல எழுத்து வந்ததும் தூக்கிக் காட்டிருச்சு.

அதுல ஒரு சின்ன இடைஞ்சல். எவனோ ஒருத்தன் கீழ, 'குடிச்சுக் குடலை வேக வெச்சவனுக்கு எதுக்கு ரத்தம்?'னு எழுதிப்போட்டான். மாப்பளை காப்பியே குடிக்க மாட்டாரு. ஆனா பாருங்க, அந்த ஒரு கமெண்டுக்கு மட்டும் அறுநூறு பேரு பதில் எழுதினாங்க. குடிக்கு ஆதரவா, எதிர்ப்பா, கடையை மூடோணுமா வேண்டாமான்னு பிச்சு உதறறாங்க. அதுலதான் பதிவே மேல மேலன்னு ஏறுச்சு. நான் நடுவுல போயி, 'விவாதம் ஆரோக்கியமாக நடக்கட்டும்'னு எழுதினேன். 'அவர் குடிக்க மாட்டார்'னு எழுதலாம்னு இருந்தேன். எழுதினா விவாதம் அங்கியே நின்னு போயிருமேன்னு ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். அப்பறம் மறந்து போச்சு.

சித்திரையில தாரணிக்கு மாப்பிள்ளை பாத்தாங்க. கொடுமுடில ஒரு எடம், நல்ல எடம், ஜாதகமெல்லாம் சேந்து, பூ வெக்கறதுக்கு நாள் குறிக்கறதுதான் பாக்கி. திடீர்னு அவிய பேச்சே காணம். தரகர்கிட்ட விசாரிச்சா, "பொண்ணோட அப்பனுக்குக் குடிப்பழக்கம்ங்கறாங்களே, போட்டோவோட போட்டிருக்குது, போட்டதே பொண்ணோட தாய்மாமனாமே"ங்கறாரு. ஒம்பதாயிரத்துல அவிய எங்கிருந்து பாத்தாங்களோ.

தாரணி எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பிச்சுது. 'மாமா, எடுத்துருங்க.' மயிலாத்தாள் கூப்பிட்டுச்சு. இந்தத் தடவை மொத மணியிலயே எடுத்தேன். "அண்ணா, அதை அழிச்சுப்போடு. அவரு வெளியவே போறதில்லை. கடைக்காரன்கூட ஒரு மாதிரி பாக்கறானாம்"னு சொல்லுச்சு. நான் விளக்கமாச் சொன்னேன். அம்மணி, ஒம்பதாயிரம் பேரு படிச்சதை அழிச்சா ஓடி ஒளிஞ்ச மாதிரி ஆயிரும், இது உனக்காகப் போட்டது, நம்ம குடும்பத்துக்கு நடந்த அநியாயம் உலகத்துக்குத் தெரிய வேண்டாமான்னேன். "எனக்கு நடந்த அநியாயம் அது இல்லை அண்ணா"ன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு. என்ன அர்த்தத்துல சொன்னுச்சுன்னு இன்னும் யோசிச்சுட்டிருக்கறேன்.

அப்பறம் மூணு வாரம் பேச்சே இல்லை. அந்த மூணு வாரத்துல நான் பத்துப் பதிவு போட்டேன். ஒம்பதாயிரம் பேருல ஒருத்தன் வரலீங்க. ஒருத்தன்! அழுது தீத்த மலேசியா அம்மாவைக்கூடக் காணம்.

சம்பூர்ணம் நச்சரிச்சு நச்சரிச்சு இன்னைக்குக் காலையில அனுப்பிச்சா. "போயி உங்க தங்கச்சி முன்னால அழிச்சுட்டு வாங்க, இல்லைன்னா என்ற கையால சோறு கெடையாது"ன்னுட்டா. போனேன். மாப்பளை சேர்ல உக்காந்திருந்தாரு, பாதியாப் போயிட்டாரு. "வாங்க மச்சான்"னு எந்திரிக்கப் பாத்தாரு, உக்காருங்கன்னேன். மயிலாத்தாள் எலை போட்டு சோறு வெச்சுச்சு. அரிசிம்பருப்புச் சோறு, மேல நெய்யி. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதுத்தாப்புலயே உக்காந்திருந்துச்சு. கை கழுவிட்டு வந்ததும், "இப்ப அழி அண்ணா, நான் பாக்கறேன்"னுச்சு.

போனை எடுத்தேன். பதிவைத் தொறந்தேன். ஒம்பதாயிரத்தி நானூத்தி அறுபத்திரண்டு. கை வரலை தம்பி. பெத்த புள்ளை இல்லாத மனுசன் நான். முப்பத்திரண்டு வருசம் வெயில்ல நின்னதுக்கு ஒரு சொவத்துக் கடிகாரம் குடுத்தாங்க. இது ஒண்ணுதான் ஊரே திரும்பிப் பாத்தது. அதைப் போயி...

அப்பத்தான் போன் கடைப் புள்ளை காட்டினது ஞாபகம் வந்துச்சு. ஒரு பதிவை இன்னாருக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு மறைச்சு வெக்கலாமாம். பேரைத் தட்டிவிட்டாப் போதும். மத்தவங்களுக்கெல்லாம் அது பாட்டுக்குத் தெரியும். மயிலாத்தாள் பேரைத் தட்டினேன். "ஆச்சு, உன்ற போன்ல பாரு"ன்னேன். பாத்துச்சு. மேல தள்ளிப் பாத்துச்சு, கீழ தள்ளிப் பாத்துச்சு. இல்லை! "போயிருச்சு அண்ணா"ன்னு ஒரே அழுகை. எங்கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. மாப்பளையும் கண்ணைத் தொடைச்சுட்டாரு. "கொடுமுடிக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பறேன், எடுத்தாச்சுன்னு"ன்னுச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து இந்தப் பையைக் குடுத்து ஏத்தி உட்டுச்சு. முருங்கக்காயும் நெய்யும். பாத்தீங்களா, அவளுக்கும் மனசு ஆறுச்சு, பதிவும் தப்பிச்சுச்சு. இந்த மாதிரி யோசனை அந்தக் கம்பெனிக்காரனுக்கு வருமுங்களா? எனக்கும் அவனுக்கும் அதான் வித்தியாசம். நான் மனுசனோட மனசைப் பாத்து மறைக்கறேன்.

என்னங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க?

தாரணி போன்ல தெரியுமா?

ஆமா... தெரியுமில்லீங்க. அது இன்னும் என்ற லிஸ்டுலதான் இருக்குது. அது போயி அம்மாகிட்டக் காட்டுச்சுன்னா? அய்யோ. அதுக்குத்தான் உங்களை மாதிரி ஆளு பக்கத்துல வேணுங்கறது. இந்தாங்க, புடிங்க போனை. எனக்குக் கண்ணாடி போட்டாலும் பஸ் ஆடறதுல எழுத்து ஓடுது. தாரணி, அதுல மொதப் பேரே அதுதான். தட்டிருங்க. அப்பறம் தங்கமுத்து, மாப்பளை. அவரு பாக்க மாட்டாரு, இருந்தாலும் தட்டிருங்க. அவரோட தம்பிக ரெண்டு பேரு இருப்பாங்க, ஆமா, அந்த மாலை போட்ட படம், அவருதான். எங்க பெரியப்பா பசங்க மூணு பேரு. ஒறம்பரைகன்னா ஒருத்தர் உடாம எல்லாத்தையும் தட்டிருங்க, யாரு எங்க போயிச் சொல்லுவாங்கன்னு தெரியாது.

அழிச்சுட்டா என்னங்கறீங்களா? நீங்களும் சம்பூர்ணம் மாதிரியே பேசறீங்களே. ஆ, சம்பூர்ணம்! அவளையும் தட்டிருங்க. அவ எங்க என்னுதப் படிக்கறா.

கொடுமுடிக்காரங்க லிஸ்டுல இல்லீங்க. அவியளை எப்படி மறைக்கறது? முடியாதா? செரி, அதுக்கு வேற எதாச்சும் யோசிப்போம். ஒருக்காப் பாத்தவங்க மறுக்காவா வந்து பாக்கப் போறாங்க.

இன்னும் யாருங்க? உதயனா.

அவன் மயிலாத்தாள் வீட்டுக்கு வாராவாரம் வர்றானாம். சொல்லிப்போடுவான். மனசுல எதும் நிக்காது அவனுக்கு. ஆனா... இருங்க, இருங்க, உடனே அமுக்கிராதீங்க. அவன் ஒருத்தன்தானுங்க நான் எழுதறதை மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கறவன். இந்தப் பதிவைக்கூட மூணு தடவை படிச்சனுங்க சார்னு எழுதியிருந்தான், 'நாற்பத்தியோரு முறை'ன்னு ஒரு எடத்துலயும் 'நாற்பது'ன்னு ஒரு எடத்துலயும் இருக்குதுன்னு சொன்னான். வேற எவன் அதைப் பாத்தான்? அவனையும் மறைச்சுட்டா...

காங்கயம் வந்துருச்சுங்களா? ஆமா, போர்டு தெரியுது. கண்டக்டர், ஒரு நிமிசமப்பா, எறங்கறேன்.

அமுக்கிருங்க தம்பி.

ஆச்சுங்களா? நம்ம ஆளுக ஒருத்தருக்கும் தெரியாதில்லீங்க இப்ப? நல்லதுங்க. குடுங்க போனை. இல்லை, இருங்க, எறங்கறதுக்கு முன்னால மேல அந்த லைக்கு எண்ணு எத்தனைன்னு மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.